வைரல் லோடு: துணையைக் காக்கும் ஓர் எண்

எச்.ஐ.வி.க்கு மருந்து எடுத்துவந்து, வைரல் லோடு பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிய பலரும் ஆலோசகரிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “சார், ‘டார்கெட் நாட் டிடெக்டட்’னு போட்டிருக்கே, அப்படின்னா எனக்கு எச்.ஐ.வி. போயிடுச்சா?”

போகவில்லை. அதைக் கேட்டதும் முகம் வாடிவிடும். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கேட்கத் தயங்கி விட்டுவிடும் இன்னொரு கேள்வி உண்டு: “அப்போ என்கிட்ட இருந்து என் வீட்டுக்காரருக்கு வருமா?” அந்தத் தாளில் உள்ள வாசகம் தொடர்ந்து அப்படியே இருந்தால், உடலுறவு வழியாக வராது. இந்தப் பதில் எங்கிருந்து வந்தது, யாருக்குப் பொருந்தும், எந்த நாட்களில் பொருந்தாது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் அந்த எண். வைரல் லோடு என்பது ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்கு. மருந்தே எடுக்காதவரிடம் இது பல ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களில் இருக்கும். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பல லட்சங்களைத் தாண்டிப் போகும். தனக்குத் தொற்று இருப்பதே தெரியாத நாட்கள் அவை. ரிப்போர்ட்டில் ‘20க்குக் கீழ்’, ‘40க்குக் கீழ்’ என்று இருந்தால், அந்த ஆய்வகக் கருவியால் அதற்குக் கீழே எண்ண முடியாது என்று பொருள். கருவிக்குக் கருவி இந்த எல்லை மாறும். அதனால் ஒருவர் ரிப்போர்ட்டில் 20, இன்னொருவர் ரிப்போர்ட்டில் 40 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம்.

துணைக்குப் பரவுவதற்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எச்.ஐ.வி. பரவ வேண்டுமென்றால் ரத்தம், விந்து, யோனித் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில் ஒன்றின் வழியாகப் போதுமான அளவு வைரஸ் அடுத்தவர் உடலுக்குள் போக வேண்டும். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாகப் பரவுவதில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது, ஒரே கழிப்பறை இதெல்லாம் பிரச்சினையே இல்லை. 40 வருடமாகச் சொல்லியும் இன்னும் சில வீடுகளில் தனி டம்ளர் வைக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

உகாண்டாவில் ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 415 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000இல் வெளியானது. அப்போது அவர்களுக்குச் சிகிச்சை இல்லை. சிலருக்கு இயல்பாகவே வைரஸ் குறைவாக இருந்தது. 1,500 பிரதிகளுக்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து ஒரு துணைக்குக்கூடப் பரவவில்லை. வைரஸ் ஏற ஏற, பரவுவதும் ஏறியது. அப்படியானால் மருந்து கொடுத்து எண்ணைக் கீழே இறக்கினால் பரவுவது நின்றுவிடுமா? அடுத்த இருபது ஆண்டு ஆராய்ச்சி இந்த ஒரு கேள்வியைத்தான் துரத்தியது.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது

எச்.ஐ.வி. தானாகப் பெருகாது. சிடி4 என்ற வெள்ளணுவுக்குள் நுழைந்து, தன் மரபுக்குறிப்பை டி.என்.ஏ.வாக நகலெடுத்து, அதை அந்த அணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். அப்புறம் அந்த அணுவே ஜெராக்ஸ் மெஷின் மாதிரி புதுப்புது வைரஸ்களை அடித்துத் தள்ளும். இன்று பல நாடுகளில் முதலில் கொடுக்கப்படும் மாத்திரையில் மூன்று மருந்துகள் ஒன்றாக இருக்கும். டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் நகலெடுப்பதைத் தடுக்கும். டொலுடெக்ராவிர் செருகுவதைத் தடுக்கும். புது வைரஸ் உருவாகாமல் போக, ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பவை அழிய, எண் சரசரவென்று இறங்கும்.

ஆனால் ஏற்கெனவே செருகப்பட்ட சில அணுக்கள் உறங்கிக் கிடக்கும். மருந்து அவற்றைத் தொடுவதில்லை. வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது புரியும். மேலே ஒரு புல்கூடத் தெரியாது, மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி முளைத்துவிடும். முதல் கேள்விக்கு ‘போகவில்லை’ என்று பதில் வருவது இதனால்தான். வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் எச்.ஐ.வி. ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் எப்போதும் பாசிட்டிவ் என்றுதான் வரும். ரத்த வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருப்பது வேறு, தொற்று நெகட்டிவ் ஆவது வேறு.

எத்தனை தடவை, எத்தனை தொற்று

2008இல் ஸ்விட்சர்லாந்தின் மருத்துவ நிபுணர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். ஒழுங்காக மருந்து எடுத்து, ஆறு மாதமாவது வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்து, வேறு பால்வினை நோயும் இல்லாதவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. பரவாது என்றார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு. ஆதாரம் போதாது, ஆணுறையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். ஆதாரம் அதற்குப் பிறகுதான் குவிந்தது.

எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வில் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள, ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 ஜோடிகள் இருந்தார்கள். தொற்றுள்ளவர்களில் பாதிப் பேருக்கு உடனே மருந்து. மீதிப் பேருக்கு, அந்தக் கால வழக்கப்படி, எதிர்ப்புச் சக்தி குறைந்த பிறகு மருந்து. 2011இல் பாதியிலேயே முடிவை அறிவித்தார்கள். துணையிடமிருந்தே வந்தது என்று மரபணுச் சோதனையில் உறுதியான தொற்று 28. அவற்றில் உடனே மருந்து தொடங்கிய பிரிவில் நடந்தது ஒன்றே ஒன்று. 96 சதவீதம் குறைவு.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த ஆய்வின் பிற்பகுதி. தொற்றுள்ளவர் மருந்து தொடங்கிய பிறகும் எட்டுத் துணைகளுக்குப் பரவியிருந்தது. எப்போது என்று நோண்டிப் பார்த்தார்கள். நான்கு, மருந்து தொடங்கிய புதிதில், வைரஸ் இன்னும் இறங்காத நாட்களில். மற்ற நான்கு, மருந்து பலனளிக்காமல் போய் வைரஸ் மறுபடி ஏறிய பிறகு. வைரஸ் நிலையாக அடங்கியிருந்த காலத்தில் ஒன்றுகூட இல்லை. எப்போது கவனம் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடையாது.

அடுத்து ஐரோப்பாவில் பார்ட்னர் ஆய்வுகள். ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொள்ளும் ஜோடிகளையே எடுத்துக்கொண்டார்கள். தொற்றுள்ளவரின் வைரல் லோடு 200க்குக் கீழ். 2016இல் வந்த முதல் முடிவில் 888 ஜோடிகள், சுமார் 58,000 தடவை உறவு. 2019இல் வந்த இரண்டாம் முடிவில் 782 ஆண்–ஆண் ஜோடிகள், சுமார் 76,000 தடவை. துணையிடமிருந்து வந்த தொற்று இரண்டிலும் பூஜ்யம்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. இரண்டாம் ஆய்வில் 15 பேருக்கு எச்.ஐ.வி. வரத்தான் செய்தது. ஆனால் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தால், வீட்டில் இருக்கும் துணையின் வைரஸோடு அது ஒத்துப்போகவில்லை. வெளியிலிருந்து வந்திருக்கிறது. வேறு பால்வினை நோய் இருந்த ஜோடிகளும் இந்த ஆய்வுகளில் இருந்தார்கள். அப்போதும் கணக்கு பூஜ்யம்தான். ஸ்விஸ் நிபுணர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று தேவையில்லாமல் போனது இப்படித்தான்.

2023இல் உலக சுகாதார நிறுவனமும் இதை எழுத்தில் கொடுத்துவிட்டது. கண்டறிய முடியாத அளவு என்றால் உடலுறவுத் துணைக்குப் பரவும் அபாயம் பூஜ்யம். கண்டறிய முடிகிறது, ஆனால் 1,000 அல்லது அதற்குக் கீழ் என்றால் அபாயம் ஏறக்குறைய பூஜ்யம். ‘யூ ஈக்வல்ஸ் யூ’ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்: கண்டறிய முடியாவிட்டால் பரவாது.

மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதம்

மேலே சொன்ன எட்டுப் பேரில் நான்கு பேர் இந்தக் காலத்தில் சிக்கியவர்கள். மாத்திரை ஆரம்பித்த அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. டொலுடெக்ராவிர் வேகமாக வேலை செய்யும், பலருக்கு ஓரிரு மாதத்திலேயே எண் இறங்கிவிடும். ஆனாலும் ஆறு மாதம் வரை ஆகலாம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ரிப்போர்ட் கையில் வரும் வரை வேறு காவல் வேண்டும்.

ஆணுறைதான் முதலில் நினைவுக்கு வரும், சரிதான். அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். ஆனால் நடைமுறையில் சின்னச் சின்னத் தப்புகளால்தான் அது கிழிகிறது. தேங்காய் எண்ணெய், வாசலின், உடம்புக்குப் பூசும் லோஷன் இவை லேட்டக்ஸ் ரப்பரைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். தண்ணீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான ஜெல்தான் போட வேண்டும். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து உட்கார்ந்து நசுக்கிய ஆணுறையை நம்ப வேண்டாம். பாதுகாப்பு கூடும் என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உராய்ந்து இரண்டுமே போய்விடும். உறவின் நடுவில் போடுவதில் பயனில்லை, ஆரம்பத்திலேயே போட வேண்டும். முடிந்ததும், விறைப்பு தளருவதற்குள் அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும்.

இன்னொரு காவல் துணையின் கையில் இருக்கிறது. தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் தடுப்பு மாத்திரை, சுருக்கமாக ப்ரெப். கென்யாவிலும் உகாண்டாவிலும் 4,700க்கும் மேற்பட்ட ஜோடிகளிடம் நடந்த ஆய்வு இது வேலை செய்யும் என்று 2012இல் காட்டியது. அதன் பிறகு அதே நாடுகளில் இதை ஒரு பாலமாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். தொற்றுள்ளவர் ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. சிகிச்சை மாத்திரையைத் தொடங்குகிறார்; அவருடைய மருந்து ஆறு மாதம் ஓடி முடியும் வரை தொற்று இல்லாத துணை ப்ரெப் எடுக்கிறார்; அப்புறம் துணை ப்ரெப்பை நிறுத்திவிடலாம். நல்ல பலன் கிடைத்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. பாரம் முழுக்கத் தொற்றுள்ளவர் தலையிலேயே விழாமல், இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். தினமும் மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு ஊசிகளும் வந்துவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு 2025இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. எதைத் தொடங்குவதாக இருந்தாலும், தனக்குத் தொற்று இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதிசெய்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

எண் மறுபடி ஏறுவது ஏன்

அந்த எட்டுப் பேரில் மற்ற நான்கு பேர் சிக்கியது இங்கே. ஒரு நாள் மாத்திரையை மறந்தால் எண் குதித்துவிடாது. நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் வழக்கம் போலத் தொடரலாம். நாட்கணக்கில், வாரக்கணக்கில் விடுவதுதான் ஆபத்து. வைரஸ் ஏறும், அரைகுறை மருந்துக்கு நடுவே பெருகும்போது மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம்.

பலர் மறப்பதால் விடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விடுகிறார்கள். வெளியூர்ப் பயணத்தில் உறவினர் வீட்டில் தங்கும்போது டப்பாவை எடுக்கவே முடிவதில்லை. டப்பாவைத் திறந்தால் உள்ளே மாத்திரைகள் கலகலவென்று சத்தம் போடுவதே சிலருக்குப் பெரிய கவலை. டப்பா வாயில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் சத்தம் வராது. ஓரிரு நாள் பயணத்துக்கு மட்டும் தேவையானதை ஈரம் புகாத சின்ன டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம்; நீண்ட நாள் என்றால் மாத்திரை அதன் சொந்த டப்பாவிலேயே இருப்பது நல்லது. இந்த மாதிரி விஷயத்தை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. மருந்து விட்டுப்போவதன் காரணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒழுங்காக விழுங்கியும் ஏறுகிறது என்றால் கூடவே வேறு என்ன விழுங்குகிறார் என்று பார்க்க வேண்டும். டொலுடெக்ராவிர், இரும்பு, கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் ஆகிய உலோகங்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் பெரும்பாலும் மெக்னீசியமும் அலுமினியமும்தான் இருக்கின்றன. அதைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்பாகவோ, குடித்து 6 மணி நேரம் கழித்தோ எச்.ஐ.வி. மாத்திரையைப் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். ஆனால் வயிறு நிறையச் சாப்பிடும்போது என்றால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை எச்.ஐ.வி. மாத்திரையோடு சேர்த்தே எடுக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டொலுடெக்ராவிர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை தேவைப்படும். எந்தப் புது மருந்துச் சீட்டு எழுதப்பட்டாலும் “நான் ஏ.ஆர்.டி. எடுக்கிறேன்” என்று சொல்லிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

எப்போதாவது ஒரு முறை எண் 60, 90 என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பரிசோதனையில் மறைந்துவிடும். ஆய்வகங்களில் இது சகஜம், பதற வேண்டாம். தொடர்ந்து ஏறுகிறது, அல்லது 1,000ஐத் தாண்டிவிட்டது என்றால் உடனே மருத்துவரைப் பார்த்து, ஆணுறைக்கோ ப்ரெப்புக்கோ திரும்பிவிட வேண்டும். வைரல் லோடு பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டியதற்கு இதுவே போதுமான காரணம். சிடி4 எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்பதால் பரவாது என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

இந்த எண் பதில் சொல்லாத இடங்கள்

‘பரவாது’ என்ற உறுதி உடலுறவுக்கானது. ஊசி பகிர்வதற்கு இதே அளவு ஆதாரம் இல்லை. ஆகவே ஊசி, சிரிஞ்சு எதையும் பகிரக் கூடாது. ரத்தம் படக்கூடிய சவர பிளேடு, பல்துலக்கியைத் தனியாக வைத்துக்கொள்வது எல்லோருக்குமே நல்லது. கிரந்தி, மேகவெட்டை போன்ற பால்வினை நோய்களை ஏ.ஆர்.டி. மாத்திரை தடுத்துவிடும் என்று எண்ண வேண்டாம்; வேண்டாத கர்ப்பத்தையும் அது தடுக்காது. ஆணுறைக்கு இன்னும் வேலை இருப்பது அங்கேதான்.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு நல்ல செய்தி: வைரஸ் அடங்கியிருந்தால் இயல்பான முறையிலேயே கருத்தரிக்கலாம், துணைக்குப் பரவாது. கர்ப்பம் முழுக்கவும் பிரசவத்தின்போதும் அடங்கியிருந்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ். தாய்ப்பாலிலும் அபாயம் மிகக் குறைவுதான், ஆனால் பூஜ்யம் என்று சொல்லிவிட முடியாது. பால் கொடுப்பதா, எத்தனை மாதம் என்பதைத் தன் மருத்துவரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும்.

சரி, எண் இன்னும் இறங்காத நாட்களில் ஆணுறை கிழிந்துவிட்டது. என்ன செய்வது? கழுவி, தேய்த்து, டெட்டால் ஊற்றிப் பயனில்லை. உள்ளே புண்ணாகி அபாயம் கூடத்தான் செய்யும். தொற்று இல்லாதவர் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், பெப் எனப்படும் அவசரத் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விடக் கூடாது. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். மறுநாளே ஓடிப்போய் டெஸ்ட் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. உடம்பில் தொற்று பரிசோதனைக்குத் தெரிவதற்கே நாள் பிடிக்கும். ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் வைரஸின் புரதத்தையும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள், விரலில் குத்திப் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனைகளுக்கு 90 நாள் வரைகூட ஆகலாம். பெப் எடுத்தவருக்கு இந்தக் கணக்கு இன்னும் தள்ளிப்போகும் என்பதால் எந்தெந்தத் தேதியில் மறுபடி வர வேண்டும் என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இவ்வளவும் துணைக்குத் தெரிந்திருந்தால்தான் நடக்கும். தெரியாத துணையால் ப்ரெப் கேட்க முடியாது, 72 மணி நேரத்தில் ஓட முடியாது. ஆனால் “சொல்லிவிடுங்கள்” என்று வெளியே இருந்து சொல்வது எளிது. அடி விழும், வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் சிலருக்கு வெறும் பயம் அல்ல, நிஜம். அப்படிப்பட்டவர்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எப்படி, எங்கே, எப்போது சொல்வது என்று ஆலோசகரோடு முதலில் பேசலாம். இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பரிசோதனை செய்துகொண்டு, முடிவை ஆலோசகர் முன்னிலையிலேயே கேட்டுக்கொள்ளும் முறையும் இருக்கிறது. பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் அந்த மடித்து வைத்த தாளையே எடுத்து மேஜையில் விரிக்கலாம்: “இதைப் பாருங்க, டிடெக்ட் ஆகலைன்னு போட்டிருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்னு டாக்டர் சொன்னார், உங்களுக்கும் அவரே சொல்லட்டும், வாங்க.”